நீ அனுப்பிய பட்டியலைப் பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். நம் நண்பன் தவக்களையின் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, உனக்கும் பத்திரிகை வரும். இந்தத் தடவையாவது அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதே.

நீ அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். 'ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்' என்று வாட்சப்பில் சுற்றுகிறதே, அதை விடுமுறை முகாமில் பிள்ளைகளுக்கு வாசிக்கப் போவதாக எழுதியிருந்தாய். வாசிக்காதே மாப்பிள்ளை. கோபப்படாமல் முழுக்கப் படி. அதில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது, இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நாளைக்கு இடைநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை அதைப் பெருமையாகச் சொல்லி, யாராவது கைப்பேசியில் தேடி மறுத்துவிட்டால், பொய்யோடு சேர்ந்து, உண்மையிலேயே நாம் தந்த கட்டுமரமும் கவிழும்.

முதல் வரியையே எடுத்துக்கொள்: எட்டிலிருந்துதான் எய்ட் வந்ததாம். காதுக்கு ஒன்றுபோல் இருக்கிறது. ஆனால் எட்டின் வேர் எண். எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லிப் பார், எண் வெளியே வந்துவிடும். எய்ட் பக்கம் போனால் ஜெர்மனில் ஆஹ்ட், லத்தீனில் ஒக்டோ. எய்ட்டின் எழுத்துக்கூட்டில் ஜி, எச் இரண்டும் ஊமையாக நிற்கின்றனவே, அவை ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வந்த 'ஹ்' சத்தத்தின் மிச்சம். ஆக, நம் சொல் எண்ணிலிருந்து வந்தது, அவர்கள் சொல் ஒக்டோவின் உறவு. இன்றைய உச்சரிப்பில் மட்டும் தற்செயலாகப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஒன்று, ஒன் இரண்டுக்கும் அதே கதைதான். ஆங்கிலச் சொல்லின் பழைய ஒலி 'ஆன்'. 'வ' சத்தம் பிறகு ஒட்டிக்கொண்டது. அலோன், ஒன்லி இரண்டும் அந்த ஒன்னிலிருந்து பிறந்தவை, அவற்றில் இன்றைக்கும் 'வ' இல்லை. வெற்றி, விக்டரி? வெற்றி என்பது வெல்லோடு தி சேர்ந்து உண்டானது. விக்டரி ஒரு லத்தீன் வினையிலிருந்து வந்தது, வெல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கல்ச்சரைக் கலாச்சாரத்தோடு கட்டிப்போட்டவரை என்ன சொல்வது! லத்தீனில் அது நிலத்தை உழுது பயிர் செய்வது. அக்ரிகல்ச்சர் என்ற சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே.

பிள்ளைகளுக்குச் சோதிக்கும் முறையைக் கற்றுக்கொடு, பட்டியல் தானாக வரும். இன்றைய உச்சரிப்பை நம்பக் கூடாது, ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்முதலில் எந்த வடிவத்தில், எந்த ஆண்டு பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, இரண்டு பக்கமும் சொல்லைப் பிரித்து வேரை எடுக்க வேண்டும். பிறகு உடன்பிறப்புகளை விசாரிக்க வேண்டும்: நமக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு, அவர்களுக்கு ஜெர்மன், டச்சு. இவ்வளவுக்குப் பிறகும் மிக முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி: சொல் எந்த வழியாகப் போனது? போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல், மலாக்காவைப் பிடித்தது 1511இல். ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் நிலம் வாங்கியது 1639இல். எண், உறவு, கொல்லுதல், வெல்லுதல் மாதிரிச் சொற்களை யாரும் கப்பலில் ஏற்றுவதில்லை. பண்டத்தின் பெயரும் வேலையின் பெயரும்தான் ஏறிப் போகும். இந்த ஒரு விதியே பட்டியலின் பெரும்பாலான குப்பையைக் கூட்டித் தள்ளிவிடும்.

தேறுகிறவற்றைப் பார், எவ்வளவு அழகு! கோடவுன். 'கூட்ஸ் கீழே இறங்குகிற இடம், அதனால் கோ-டவுன்' என்று நம் பெரியவர்களே சொல்வார்கள், அது தவறு. கிடங்குதான் அது. கிட என்ற வினையிலிருந்து கிடங்கு, சரக்கு கிடக்கிற இடம். மலையாளத்திலும் தெலுங்கிலும் அதன் உறவுகள் உண்டு. போர்ச்சுகீசியர் அதைக் குடாவ் என்றார்கள், மலாயில் அது குடாங், ஆங்கிலேயர் வாயில் கோடவுன். நான்கு சோதனையிலும் தேறுகிறது. நம் ஊர்க் கடைத்தெருவில் அரிசி மூட்டை அடுக்கிய இடத்தைக் காட்டி இதைச் சொல்லிக்கொடு, ஒரு பிள்ளையும் மறக்காது.

கட்டுமரத்துக்கு ஆண்டே இருக்கிறது. டாம்பியர் என்ற கடலோடி 1697இல் அச்சான தன் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இவற்றை இப்படி அழைக்கிறார்கள் என்று காட்டமரானைப் பதிவு செய்திருக்கிறார். அப்போது அது மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை. 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார், அந்த வகைக்கும் இந்தப் பெயரே நிலைத்தது. இன்றைய காட்டமரானில் கட்டும் இல்லை மரமும் இல்லை, பெயர் மட்டும் நம்முடையது. மிளகுத்தண்ணி மல்லிகட்டானி சூப் ஆனதும் சுருட்டு செரூட் ஆனதும் உனக்கே தெரியும். குருந்தக்கல் கோரண்டம் ஆனதையும் சேர்த்துக்கொள், மாணிக்கமும் நீலமும் அந்தக் கனிமத்தின் வகைகள்தான் என்று அறிவியல் ஆசிரியருக்கும் வேலை கிடைக்கும்.

கேஷில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். கேஷ் என்று எழுதப்படும் சொற்கள் இரண்டு. கையில் புழங்கும் ரொக்கத்தைக் குறிப்பது இத்தாலியப் பெட்டி, காஸா. பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆனது. இன்னொரு கேஷ் பழைய சில்லறை நாணயம். அதுதான் நம் காசு, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. அன்றைய சென்னை நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பட்டியல்காரர் முதல் சொல்லைச் சொல்லிவிட்டு இரண்டாவதன் பெருமையை அதன் தலையில் ஏற்றிவிட்டார்.

காம்பவுண்டைக் கட்டாயம் எடு. பங்களாவைச் சுற்றிய காம்பவுண்ட் அநேகமாக மலாய்க் கம்போங். கிராமத்தை நாம் இங்கே கம்பம் என்கிறோமே, அதே. வேதியியல் பாடத்தில் வருவது லத்தீன், சேர்த்து வைப்பது. வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் கண்ணாடியில் அபராதச் சீட்டைச் செருகிவிட்டுப் போகிறார்களே, அந்தக் காம்பவுண்டும் லத்தீன் வழிதான்: நீதிமன்றத்துக்குப் போகாமல் பணம் கட்டித் தீர்த்துக்கொள்வது. எழுத்துக்கூட்டு ஒன்று, பிறப்பு வேறு.

எங்கே பார்ப்பது என்று கேட்பாய். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கடைசி நூலை மட்டும் கண்ணை மூடி நம்பாதே. பழையது, துரைமாரின் பார்வை ஏறியது, சில விளக்கங்கள் வெறும் ஊகம். ஆனால் பழைய மேற்கோள்களை ஆண்டோடு அடுக்கியிருப்பதற்கு ஈடு இல்லை. நம் தோட்டத்து எழுத்தர் கிராணியும் அதில் இருக்கிறார், கிரானி என்ற தலைப்பில், ஆங்கிலம் எழுதும் குமாஸ்தாவாக. ஆனால் அந்தச் சொல்லைத் தமிழ்க் கணக்கில் சேர்த்துவிடாதே, அது இந்தி வழி.

இனி, எனக்கு நிஜமாகவே மனசுக்குள் கிடக்கிற ஒன்று. பட்டியலில் கூலியையும் 'தமிழின் கொடை' என்று போட்டிருக்கிறார்கள். நம் மொழியில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் அது ஊதியம் அல்ல, ஆள். குஜராத்துக் கோலி மக்களின் பெயரும் இதில் கலந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன, அதையும் பிள்ளைகளிடம் சொல். எந்த வழியில் போயிருந்தாலும், திரும்பி வந்தபோது நம் முப்பாட்டன் பாட்டியின் பேருக்குப் பக்கத்தில் அதை எழுதினார்கள், பிறகு அது வசவானது. கொடை என்று அதைப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. பக்கத்திலேயே கங்காணியை வை. கண்காணிப்பவர் கண்காணி, அது கங்காணியாகி ஆங்கில அகராதிக்குள்ளும் போனது. ஊரில் ஆள் சேர்த்துக் கப்பலேற்றியவர் அவர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்ற பிறகும் கங்காணி வழி தொடர்ந்தது, 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை. இந்த இரண்டு சொல்லையும் வாசித்துக் கைதட்டிவிட்டுப் போகக் கூடாது.

ஆகவே இப்படிச் செய். முதல் நாள் எட்டையும் ஒன்றையும் உடைத்துக் காட்டு. இரண்டாம் நாள் கிடங்கு, கட்டுமரம், காசு, காம்பவுண்ட். அன்று மாலை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பாட்டி தாத்தாவிடம் தோட்டத்தில் புழங்கிய சொற்களில் மூன்றைக் கேட்டு எழுதி வரட்டும், தண்டல் (மேற்பார்வையாளர்), ரோத்தான் (பிரம்பு), லயம் (வரிசை வீடு), எதுவாக இருந்தாலும் சரி. மறுநாள் அகராதியில் அவர்களே தேடட்டும். கூலியையும் கங்காணியையும் கடைசி நாளுக்கு வை, ஒரு மணி நேரமாவது ஒதுக்கு, அவசரப்படுத்தாதே.

முகாம் தேதியை எழுது. லெக்சிகன் பக்கங்களை அச்செடுத்து, உங்கள் கூலிம் ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்