கிழிந்ததற்கு ஒரு சமாதானம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், கூடைப்பந்து ஆடும் மகளின் கன்னித்திரை கிழிந்துவிடுமோ என்று ஒரு தாய் கேட்டிருந்தார். இந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்டினாலும் கிழியலாம், மாப்பிள்ளை வீட்டார் பெரிதுபடுத்தக் கூடாது என்பது தாங்கள் வெளியிட்ட பதில். நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் அதைப் படித்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. திரை கிழியாமல் இருந்தாக வேண்டும், கிழிந்தால் பெண் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதை அந்தப் பதிலும் ஒப்புக்கொள்கிறதே!

தில்லி மருத்துவமனைகளில் மகப்பேறு செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கன்னித்திரை என்பது பிறப்புறுப்பின் வாயைச் சுற்றி ஓரமாக இருக்கும் மெல்லிய சவ்வு. புது டப்பாவின் முத்திரைபோல் அது வழியை அடைத்துக்கொண்டிருப்பதில்லை. அடைத்திருந்தால் மாதவிடாய் ரத்தம் எப்படி வெளியேறும்? மிக அரிதாகச் சிலருக்கு முழுவதும் மூடியபடி அமைந்துவிடும். அந்தச் சிறுமிகள் பருவ வயதில் மாதாமாதம் வயிற்றுவலியோடு வருவார்கள். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். மற்றபடி பெண்ணுக்குப் பெண் வடிவம் வேறு, அகலம் வேறு. பருவமடைந்த பின் அது நெகிழ்ந்து கொடுக்கும். முதல் உறவில் பலருக்கு ஒரு சொட்டு ரத்தமும் வருவதில்லை. வந்தாலும், பல நேரங்களில் அதற்குக் காரணம் அவசரமும் வறட்சியும்தான்.

அமெரிக்காவில் கர்ப்பமாக இருந்த 36 பதின்பருவப் பெண்களைப் பரிசோதித்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் இருவரிடம் மட்டுமே தெரிந்தது. கர்ப்பிணியிடமே தெரியாத ஒன்றை மணப்பெண்ணிடம் யார் தேடுவது? கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறிவித்துவிட்டது.

இந்த மூடநம்பிக்கை முதலிரவு அறையோடு நிற்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் மருத்துவ அறிக்கையில் 'திரை கிழியவில்லை' என்று எழுதினால் நடந்ததே பொய்யாகிவிடுகிறது. 'முன்பே கிழிந்திருக்கிறது' என்றால் அவள் ஒழுக்கம் கூண்டில் ஏறுகிறது. இப்படிப்பட்ட பெண்களின் பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை'யைச் செய்வோர் முறைகேடு செய்த குற்றத்துக்கு ஆளாவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. காவலில் உள்ள பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்வது அரசமைப்புக்கு முரணானது என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்குப் பிறகும், 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் கன்னித்தன்மையின் அடையாளங்கள் மீண்டும் தலைகாட்டின. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். படித்தவர்களிடமே இப்படியென்றால் அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் சந்திக்கும் நம் தமிழ்ப் பெண்கள், நான் செவிலியர் என்று தெரிந்ததும் தனியே அழைத்துக் கேட்பதும் இதுதான்: ரத்தம் சேர உள்ளே வைக்கும் மாதவிடாய்க் கோப்பையை மகள் கேட்கிறாள், திரை கிழியுமோ என்று பயமாக இருக்கிறது, கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுங்கள் என்கிறேன். சுத்தமாக வைத்துக்கொள்ளும் முறையைச் சொல்லித் தருகிறேன். இவர்கள் எல்லோரும் தங்கள் இதழைப் படிப்பவர்கள்.

ஆகவே அடுத்த இதழிலேயே அந்தத் தாய்க்கு மறுபதில் தாருங்கள். பெண் விளையாடட்டும் என்று முதல் வரியில் எழுதுங்கள். அந்தச் சவ்வைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது என்று இரண்டாம் வரியில் எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மயூர் விஹார், தில்லி