பையனோட ஃபுட்டி சீசனுக்கு கூட நின்னவங்களுக்கு ஒரு நன்றி

வணக்கம். ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய ஃபுட்பால், சீசன் முடிஞ்சுது, பூட்ஸ கழுவி காய வச்சாச்சு, மனசு சூடா இருக்கும்போதே எழுதிடணும்னு உக்காந்துட்டேன். இதுல பாதி பேருக்கு தமிழ் படிக்க வராது, பையன் படிச்சு சொல்றேன்னுருக்கான்.

முதல்ல கோச்சுக்கு. அந்த ஜூலை மேட்ச் ஞாபகம் இருக்கும். எதிர் டீம் பையன் பந்த புடிச்சுட்டு கோலுக்கு உதைக்க நிக்கறான், அப்ப குறுக்க ஓடக் கூடாது, என் பையன் பதட்டத்துல ஓடிட்டான், அதுக்கு தண்டனையா அம்பயர் பந்த இன்னும் கிட்ட நகத்தி குடுத்துட்டார், கோல், தோத்துட்டோம். கார்ல ஒரு வார்த்தை பேசல. இனிமே ஆட மாட்டேன்னுட்டான். அன்னிக்கு சாயந்திரம் நீங்க வீட்டுக்கே வந்து ஜிம் ஸ்டைன்ஸ்ங்கற ஃபுட்டி ஆட்டக்காரர் பத்தி சொன்னீங்களே, நானும் சமையலறைல நின்னு கேட்டுட்டு தான் இருந்தேன்.

1984ல மெல்போர்ன் கிளப் அயர்லாந்துல இருந்து கூட்டிட்டு வந்த 18 வயசு டப்ளின் பையன். அயர்லாந்தோட கேலிக் ஃபுட்பால்ல உருண்டை பந்தோட வளந்தவர், இந்த முட்டை பந்து தரைல பட்டா எந்த பக்கம் துள்ளும்னு முதல்ல இருந்து கத்துக்கணும். பிரஹ்ரான் கிளப்புல ஆடி பழகி, 1987ல தான் மெல்போர்னுக்கு முதல் மேட்ச். அதே வருஷம் ஹாதார்ன் கிளப்போட ப்ரிலிமினரி ஃபைனல், ஜெயிச்சா கிராண்ட் ஃபைனல். மெல்போர்ன் 4 பாயின்ட் முன்னாடி இருக்காங்க, ஆட்டம் முடியற சைரனும் அடிச்சாச்சு, ஹாதார்னோட கேரி பக்கனாரா கடைசி உதைக்கு நிக்கறார், தூரம் ஜாஸ்தி. அப்ப ஸ்டைன்ஸ் குறுக்க ஓடிட்டார். 15 மீட்டர் பெனால்டி, பந்து கிட்ட வந்துடுச்சு, கோல், அதுக்கு 6 பாயின்ட், 2 பாயின்ட்ல போச்சு. 1964க்கு அப்புறம் கிராண்ட் ஃபைனலையே பாக்காத கிளப்புங்க அது!

நீங்க அடுத்து சொன்னது தான் என் பையன நிமிந்து உக்கார வச்சுது. ஸ்டைன்ஸ் தொடர்ந்து ஒரு மேட்ச் கூட விடாம ஆடினது 244, அந்த தப்பு நடந்த மேட்சும் அந்த 244க்குள்ள தான் இருக்கு. அவர யாரும் வெளிய உக்கார வைக்கல. 1991ல சீசனோட சிறந்த ஆட்டக்காரருக்கு குடுக்கற ப்ரவுன்லோ மெடல், மொத்தம் 264 மேட்ச், நடுவுல 1994ல பசங்களுக்காக ரீச் அமைப்ப ஆரம்பிச்சது, 2008ல அதே கிளப்புக்கு தலைவர், கேன்சரோட போராடிட்டே அந்த வேலையும் பாத்தது. 2012ல இறந்து போகும்போது வயசு 45 தான்.

அடுத்த சனிக்கிழமை என் பையன முதல் குவார்ட்டர்லயே இறக்கி விட்டீங்க. நடுங்கிட்டே தான் போனான், ஆனா போனான். அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்கு இப்பவும் தெரியல கோச்.

குளிர்ல நின்னு தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடின அப்பாக்கள், கணுக்காலுக்கு டேப் சுத்தி விட்ட அக்கா, வேலி ஓரமா டிராப் பன்ட்ங்கற உதைய எப்படி உதைக்கணும்னு மழைலயும் சொல்லிக் குடுத்த பக்கத்து வீட்டு அங்கிள், உங்க எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஜெர்சிய துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை கிளப்ல குடுத்துடறேன். அடுத்த சீசன் முதல் வாரம் ஆரஞ்சு வெட்டற டர்ன் என் பேர்ல போட்டுடுங்க.