அந்த விலை அட்டையை ஏன் பிடுங்கினீர்கள்? டர்பன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

வணக்கம். நீங்கள் இணையத்தில் போடும் பொருள்களுக்கு விலை எழுதாமல் விடுவது பற்றித்தான் இந்த மடல். நம் தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு நகரமான புளூம்ஃபொன்டெயினிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஊரிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருப்பார், சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே கற்பூரம் வாங்க ஒரு தமிழ்க் கடைத்தெரு கிடையாது. அன்று இந்தப் பகுதியை ஆண்ட ஆரஞ்சு சுதந்திர நாடு 1891இல் போட்ட சட்டப்படி இந்தியர்கள் இங்கே குடியேறவும் வியாபாரம் செய்யவும் முடியாமல் இருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீடித்தது. அதனால் உங்களுக்கு அமைந்தது போல தாத்தா காலத்துக் கடைத்தெரு எங்களுக்கு அமையவில்லை. உங்கள் ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப்பும்தான் எங்கள் கடைத்தெரு.

டர்பன் வந்தால் விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குப் போகாமல் திரும்ப மாட்டேன். கூம்பு கூம்பாக மசாலா, ஒவ்வொரு கூம்பிலும் குத்தி வைத்த அட்டை. மாமியார் மசாலா என்ற பெயரைப் படித்துக் காட்டியபோது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா சிரித்தார், மாமியார் என்ற முறையில் கொஞ்சம் முறைக்கவும் செய்தார். பெயரும் விலையும் கண்ணெதிரே இருந்தன. அரை கிலோ என்று சொன்னோம், வாங்கினோம், முடிந்தது.

அதே நீங்கள் இணையத்துக்கு வந்தவுடன் அந்த அட்டையைப் பிடுங்கிவிடுகிறீர்கள். "விலைக்கு இன்பாக்ஸ்." அதாவது, விலையைத் தனிச் செய்தியில் கேட்க வேண்டுமாம்.

போன தைப்பூசத்துக்கு முன் ஒரு பக்கத்தில் பித்தளைக் குத்துவிளக்கின் படம் பார்த்தேன். அழகான விளக்கு. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்திருந்தால்கூட உயரம் புரிந்திருக்கும், அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு விலை கேட்டேன், வியாழன் காலையில் பதில் வந்தது. உயரம் கேட்டேன், அன்று மாலை. கூரியர் எவ்வளவு என்றதற்கு "பார்த்துச் சொல்கிறோம் டியர்." வெள்ளிக்கிழமை சொன்னார்கள்: விளக்கு விலையில் கிட்டத்தட்ட பாதி! அப்புறம் வங்கிக் கணக்கு எண், பணம் போட்டதற்கு ஸ்கிரீன்ஷாட், "இன்னும் கணக்கில் ஏறவில்லை" என்று மூன்று நாள். விளக்கு வந்தது, தைப்பூசம் முடிந்து நாலாம் நாள். நல்ல விளக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் தோழி ஒருத்தி இரண்டாவது பதிலுக்கே பொறுமை இழந்து பெரிய இணையக் கடை ஒன்றில் வாங்கிவிட்டாள். அவளை நீங்கள் இழந்தது உங்களுக்கே தெரியாது.

விலை போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக் குறைத்துவிடுவார் என்கிறீர்கள். அவருக்கும் இன்பாக்ஸ் இருக்கிறதே, கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டாரா? கேட்கக் கூச்சப்படுகிறவள் வாடிக்கையாளர்தான். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று கேட்காமலே போய்விடுகிறவர்கள் எத்தனை பேர்!

பணம் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான். போலி ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை அனுப்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குத்தான் 2023 மார்ச்சில் பேஷாப் (PayShap) என்ற வங்கிகளின் உடனடிப் பணம் அனுப்பும் வசதி வந்தது. செல்பேசி எண்ணை வைத்தே நொடிகளில் கணக்கில் ஏறிவிடும், வேறு வங்கியாக இருந்தாலும். உங்கள் எண்ணை வங்கிச் செயலியில் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும்.

கூரியருக்கும் வழி இருக்கிறது. மசாலா, ஊதுபத்தி, புடவை மாதிரி பையில் அடங்குகிற சரக்கை ஊர்தோறும் இருக்கும் பெப் (PEP) கடை வழியாகப் பாக்ஸி (PAXI) என்ற பார்சல் சேவையில் அனுப்பலாம். பையின் அளவுக்கும் எத்தனை நாளில் போக வேண்டும் என்பதற்கும்தான் கட்டணம், தூரத்துக்கு இல்லை. பக்கத்து ஊரானாலும் கேப் டவுனானாலும் ஒன்றே. அப்படியிருக்க அந்தத் தொகையை உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலேயே எழுதி வைக்க என்ன தடை? கற்பூரம் மட்டும் தீப்பற்றுகிற சரக்கு, கேட்டுவிட்டு அனுப்புங்கள். அனுப்ப முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள், ஏமாற மாட்டோம்.

இதெல்லாம் நான் கெஞ்சிக் கேட்கிற சலுகையும் இல்லை. 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவைப் பாருங்கள். இணையத்தில் விற்பவர் தன் பெயர், முகவரி, போக்குவரத்துச் செலவும் வரியும் சேர்ந்த முழு விலை எல்லாவற்றையும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். 44ஆம் பிரிவுப்படி பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம், அனுப்பும் செலவு மட்டும் எங்களுடையது. அன்றாடச் சாப்பாட்டுப் பொருளுக்கு அந்த உரிமை கிடையாது. அதனால் உங்கள் முறுக்கு திரும்பி வராது, பயப்படாதீர்கள்.

பெரிய இணையதளம் கட்டச் சொல்லவில்லை. அதற்குச் செலவாகும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இருக்கிற வாட்ஸ்அப் பிசினஸ் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே விலை, எடை அல்லது உயரம். கூரியர் தொகைக்கு ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருக்கும் பிள்ளையை உட்கார வைத்தால் ஐம்பது பொருளுக்கு முடித்துவிடும்.

புரட்டாசி நடக்கிறது, அடுத்து தீபாவளி. எனக்கு இரண்டு கிலோ மாமியார் மசாலா, ஒரு கட்டு விளக்குத்திரி, அம்மாவுக்கு ஒரு பருத்திப் புடவை வேண்டும். விலை தெரிந்தால் இன்று இரவே பணம் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
புளூம்ஃபொன்டெயினிலிருந்து ஒரு வாடிக்கையாளர்