'யூத்' என்று எழுதாதே, பாப்பா

அன்பு பாப்பா,

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துப் பள்ளிக்காக நீ எழுதிய அறிக்கையின் வரைவைப் படித்தேன். அதில் 'யூத்' என்று வரும் இடங்களை எல்லாம் மாற்றிவிடு.

நம் ஊர் ஆங்கிலச் செய்தித்தாளில் அந்தச் சொல்லுக்கு இளைஞர் என்று மட்டும்தான் பொருள். இந்தியாவின் 2014 தேசிய இளைஞர் கொள்கைகூட 15 முதல் 29 வயது வரை அதில் சேர்க்கிறது. இங்கிலாந்தில் 'எ யூத்' என்றால் படிப்பவர் மனசில் வருவது பதின்வயதுப் பையன், அதுவும் போலீஸ் விசாரிக்கிற பையன். 'டூ யூத்ஸ் வேர் ஸ்டாண்டிங் பை த கேட்' என்று எழுதியிருக்கிறாய். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பிள்ளைகள் மேல் அந்த ஒரு சொல் சந்தேகத்தை ஏற்றிவிடுகிறது. 'டூ இயர் 10 ஸ்டூடன்ட்ஸ்' என்று மாற்று ('இயர் 10' அங்கே ஒரு வகுப்பின் பெயர்). யூத் கிளப், யூத் ஒர்க்கர் என்று இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் கறை இல்லை.

அடுத்தது 'சைல்ட்'. இங்கிலாந்தின் 1989 சில்ட்ரன் ஆக்ட் 18 நிரம்பாத எல்லோரையும் சைல்ட் என்கிறது. அதனால் பாதுகாப்பு சம்பந்தமான படிவத்தில் 17 வயதுக்காரரும் சைல்ட்தான், அங்கே தயங்காதே. ஆனால் அதே பிள்ளையை நேரில் அப்படிச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அதற்குத்தான் 'யங் பெர்சன்' இருக்கிறது. 1933 சில்ட்ரன் அண்ட் யங் பெர்சன்ஸ் ஆக்டிலேயே 14 நிரம்பாதவர் சைல்ட், 14 முதல் 17 வரை யங் பெர்சன் என்று பிரித்திருக்கிறார்கள்.

'டீனேஜர்' எண்ணிலிருந்து வந்த சொல். தர்ட்டீனில் தொடங்கி நைன்டீனில் முடியும். இயர் 7-இல் சேரும் 11 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. 'அடொலசென்ட்' மருத்துவர், உளவியலாளர் வாய்ச்சொல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19. ஒரு பிள்ளையைச் சுட்டி எழுதினால் ஆய்வுக்கூடத்து வாடை அடிக்கும்.

'ஜுவனைல்' வேண்டவே வேண்டாம். 1991 கிரிமினல் ஜஸ்டிஸ் ஆக்ட், சிறார் வழக்கு நடக்கும் ஜுவனைல் கோர்ட்டின் பெயரையே யூத் கோர்ட் என்று மாற்றிவிட்டது. நடத்தையைப் பற்றிச் சொன்னால் அது வசவு. 'சைல்டிஷ்' என்பதும் அப்படித்தான், சிறுபிள்ளைத்தனம் என்று நாம் சொல்வதற்குச் சமம். 'சைல்ட்லைக்' வேறு, அது குழந்தை மனசு. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் பாராட்டு திட்டாகிவிடும்.

'கிட்' முதலில் ஆட்டுக்குட்டிக்குத்தான் பெயர். நாம் குழந்தையைக் குட்டி என்று கொஞ்சுவதைப் போலத்தான் அதுவும் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. ஆசிரியர் அறையில் பேசு, அறிக்கையில் எழுதாதே. அங்கே காதில் விழும் 'லாட்' (பையன்), 'லாஸ்' (பெண்) இரண்டிலும் வடக்கு இங்கிலாந்தின் வாஞ்சை இருக்கிறது. வளர்ந்த ஆணையும் லாட் என்பார்கள்.

நீ அதிகம் தடுமாறப்போவது 'கேர்ள்', 'பாய்' இரண்டிலும்தான். 27 வயதில் உன்னை நான் பாப்பா என்கிறேன். முப்பது வயதுக்காரரை நம் ஊரில் 'நல்ல பையன்' என்கிறோம். அந்தப் பழக்கத்தில் உடன் வேலை செய்யும் பெண்ணை கேர்ள் என்று எழுதினால் அவரைச் சின்னவராக்கியதாகப் படும். 'உமன்' என்று எழுது. கறுப்பின ஆண் யாரையும் 'பாய்' என்று கூப்பிடாதே. அமெரிக்காவில் அடிமைமுறைக் காலத்திலும் அதற்குப் பிறகும் வளர்ந்த ஆண்களை இழிவாக அழைத்த சொல் அது.

எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால் 'எ 14-இயர்-ஓல்ட்' என்று வயதை மட்டும் எழுது. நடுவில் கோடு இரண்டும் வேண்டும். இயருக்குப் பின்னால் எஸ் வராது. உன் வரைவில் மூன்று இடத்தில் வந்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா