பொத்தான் போட பதினோரு நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பழக்கும் முறைகளை விளக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மன உறுதியும் விடாப்பயிற்சியும் இருந்தால் போதும் என்று முடித்திருந்தீர்களே, அங்கேதான் சுருக்கென்றது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்தது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது பார்தெல் அளவுகோலில் 100க்கு 85 போட்டார்கள். 1965 முதல் புழக்கத்தில் உள்ள அளவுகோல் அது. சாப்பிடுவது, குளிப்பது, படியேறுவது என்று பத்து விஷயங்களை ஒருவர் எவ்வளவு தூரம் தானே செய்கிறார் என்பதற்கு மதிப்பெண் உண்டு. உடுத்துவதற்கு உள்ள பத்தையும் அப்பா முழுதாக வாங்கியிருந்தார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவருக்குச் சட்டை மாட்டிவிட்டது நான்.

இடக்கையால் ஐந்து பொத்தான் போட அவருக்குப் பதினோரு நிமிடம் ஆகும். எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். அரை மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். ஆக, அப்பா தன் சட்டையைத் தானே போடுவதா என்பதை முடிவு செய்தது என் அலுவலக வருகைப் பதிவேடு. போதாக்குறைக்கு உறவினர்கள் வேறு: "மகள் இருக்கும்போது மனிதரை இப்படித் திண்டாட விடலாமா?" உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பாசமாகத்தான் பட்டது.

பிறகு வீட்டுக்கு வந்த சிகிச்சையாளர் அப்பாவின் கையைத் தொடவே இல்லை. காலையில் யார் எத்தனை மணிக்கு எழுவீர்கள், குளியலறை முதலில் யாருக்கு, சட்டை போட்டுக்கொண்டு அப்பா எங்கே போவார் என்று கேட்டுக்கொண்டே போனார். மனிதரின் செயல்பாட்டையும் இயலாமையையும் விவரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற ஐ.சி.எஃப். வகைப்பாட்டிலும் இதற்கு இடமுண்டு: உடல்நிலையோடு கருவிகள், உறவுகள், பிறர் மனப்பாங்கு, சேவைகள், கொள்கைகள் எல்லாம் கணக்கில் வருகின்றன. ஆன் வில்காக், எலிசபெத் டவுன்சென்ட் போன்ற தொழில்வழிச் சிகிச்சைத் துறை அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அன்றாடச் செயல்களில் ஈடுபடும் வாய்ப்பை நீதிப் பிரச்சினையாகவே பேசினார்கள். (தொழில் என்றால் பிழைப்பு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் துறையில் பல் துலக்குவதும் தொழில்தான்.) கட்டுரையில் இது பற்றி ஒரு வரியும் இல்லை. நோயாளியின் வீட்டைப் போய்ப் பார்ப்பது சிகிச்சையின் பகுதி என்றாவது எழுதியிருக்கலாம்.

சட்டை நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றினோம். நான் போன பிறகு அவசரமில்லாமல் தானே போட்டுக்கொள்கிறார். இப்போது ஏழு நிமிடம். போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்காருகிறார். நூலகத்துக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. அதன் முதல் படி அவர் முழங்கால் உயரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி