சாம்பல் தொட்டுப் பிணைத்த கைகளுக்கு

ஈரோடு வீரப்பன்சத்திரத்துச் சொந்தங்களுக்கும், சபையாருக்கும், பேர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்காரரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வாசப்படியை அவரே கால் வைத்து ஏறினார். அன்றைக்கு ராத்திரி எங்கள் தறிக் கொட்டகை தீப்பிடித்ததும், அதற்கப்புறம் 23 நாள் ஆஸ்பத்திரியில் பட்டதும் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களும் கூடவே பட்டீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி ஓடிவந்த தெருப் பிள்ளைகள், ரத்தம் கொடுத்தவர்கள், தினமும் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொடுத்தனுப்பியவர்கள், சின்னவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, முறை வைத்து உபவாசம் இருந்த சபைச் சகோதரிகள், கொடுத்த முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் புதுப் பாவும் (தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்) அனுப்பிவைத்த யாவாரி அண்ணன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. வருவேன்.

ஆனால் இன்றைக்கு எழுத உட்கார்ந்தது அச்சுப் பிணைக்க வரும் பெரியம்மாவுக்காக.

பழைய பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிவிட வேண்டும். எங்கள் துண்டுத் தறிக்கு 2,000 இழைக்கு மேல் வரும். முறுக்கு வழுக்காமல் பிடிக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். பெரியம்மா இடுப்பில் எப்போதும் சின்னத் திருநீற்றுப் பை இருக்கும்.

ஆறு தறியில் ஐந்து போய்விட்டது. மூலைத் தறி மட்டும் நின்றது. அதிலும் பாவு கருகி, இழைகளைக் கோத்திருக்கும் விழுதுக்குப் பின்னால் நுனிகள் மட்டும் தொங்கின. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒன்பதாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வந்தவள், ஏதோ ஒரு நினைப்பில் கொட்டகைக்குள் போனேன். மூலைத் தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. இழை இழையாகப் பிணைத்து, கை வைத்தால் ஓடும் என்கிற மாதிரி நின்றது. மூன்று நாள் மத்தியானம் பெரியம்மா வந்து உட்கார்ந்தார், யாரும் கூப்பிடவில்லை என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார்.

கூலியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கவில்லை.

"அதெல்லாம் வேண்டாங் கண்ணு. மாப்ள எந்திரிச்சு வந்தா ஓட்டறதுக்கு ஒரு தறியாச்சும் நிக்கோணுமில்ல? நீங்க திருநீறு பூச மாட்டீங்கன்னு தெரியும். நம்ம பையத் தொட்டா உங்களுக்கு மனசு சங்கடப்படுமோன்னு, அங்க கெடந்த கட்டச் சாம்பலையே சலிச்சுத் தொட்டுக்கிட்டேன். தப்பில்லையே அம்மிணி?"

இத்தனை வருஷமாக எங்கள் தறிக்குப் பிணைக்கிறவர். எதைத் தொட்டுப் பிணைக்கிறார் என்று நான் ஒரு நாளும் மனசில் வைத்ததில்லை. அவருக்கு அந்தக் கவலை இருந்திருக்கிறது. அதுவும் எங்கள் கொட்டகை எரிந்து கிடந்த நேரத்தில், என் விசுவாசத்துக்குச் சங்கடம் வரக்கூடாது என்று. பதில் சொல்ல முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நகக்கண்ணில் எங்கள் கொட்டகைக் கரி இருந்தது.

"சாம்பலுக்குப் பதிலாகச் சிங்காரத்தையும்" என்று ஏசாயா 61-ல் எத்தனை தடவை வாசித்திருப்பேன். சாம்பலை முதலில் ஆண்டவர் அள்ளிக் கொட்டிவிடுவார், அப்புறம்தான் சிங்காரம் என்று நினைத்திருந்தேன். எனக்கோ அவர் அந்தச் சாம்பலை வைத்தே அறுந்ததைப் பிணைத்துக் காட்டினார்.

அந்த மூன்று மத்தியானமும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "ஏன் பேசாமல் இருக்கிறீர்?" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என்ன பாவம் செய்தீர்களோ என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போன வாரம் அது. மடியில் ஏசாயா 38 திறந்திருந்தது. நெய்கிறவன் பாவை அறுக்கிறதுபோலத் தன் ஜீவன் அறுபடுகிறதே என்று எசேக்கியா ராஜா புலம்புகிற இடம். தறிக்காரி நான், அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை. அந்த ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. எனக்கு அது கண்ணில் படவில்லை. அதே நேரத்தில் இங்கே எங்கள் பாவு பிணைந்துகொண்டிருந்ததும் தெரியவில்லை. ஆண்டவர் சிங்காசனத்தில் இருக்கிறார் என்பதற்கு நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை என்று இப்போது புரிகிறது.

ஐந்து தறி திரும்ப வரவில்லை. கடன் இருக்கிறது. வீட்டுக்காரருடைய வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. ஆனாலும் ஜெயம் என்றே சொல்கிறேன். பசி, நிர்வாணம், பட்டயம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தானே பவுல், "இவையெல்லாவற்றிலேயும்" ஜெயங்கொள்ளுகிறோம் என்கிறார். இவையெல்லாம் தீர்ந்தபிறகு என்று அவர் எழுதவில்லை.

இனி யார் வீட்டில் கஷ்டம் என்றாலும், "ஜெபிக்கிறோம்" என்று போனில் சொல்வதோடு நிற்க மாட்டேன். ஜெபித்துவிட்டு, பெரியம்மா மாதிரி, கூப்பிடாமலே போய் ஒரு வேலையைச் செய்துவிட்டு வருவேன். ஆண்டவர் முன்னிலையில் இதை எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஜெபம் பண்ணி, கொழுந்தனார் மூலைத் தறியை ஓட்டினார். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பிணைப்பு விழுதைத் தாண்டி, சீப்பு மாதிரி இருக்கிற அச்சைத் தாண்டி வந்தது. ஓர் இழைகூட அறவில்லை.

பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். கூலி கொண்டு வரவில்லை. முதலில் அறுத்த துண்டைக் கொண்டு வருகிறோம். அதை நீங்கள் வாங்கிக்கோணும்.