குளோனிங் இறைச்சி: சுமக்கும் பசுவையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளோனிங் முறையில் உருவாக்கப்படும் கால்நடைகளின் இறைச்சியையும் பாலையும் உணவாகக் கொள்ளலாமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஆதரித்தவர்களும் சரி, எதிர்த்தவர்களும் சரி, உண்பவர் உடலுக்கு அது கேடு செய்யுமா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே எழுதியிருந்தார்கள். கால்நடை மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது என்றும், விவாதம் அதைத் தாண்டி நகராததால் கன்றைச் சுமக்கும் விலங்கை எல்லோரும் மறந்துவிட்டோம் என்றும் கருதுகிறேன்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் தன் முடிவை அறிவித்தது. மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் குளோன்களிலிருந்து கிடைக்கும் இறைச்சியும் பாலும் வழக்கமான கால்நடைகளிலிருந்து கிடைப்பவற்றைப் போலவே பாதுகாப்பானவை என்றும், செம்மறியாட்டைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவுகள் இல்லை என்றும் அது கூறியது. அதே ஆண்டில் ஆய்வு செய்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் உணவின் தரத்தில் வேறுபாடு காணவில்லை. குளோனிங்கையும் மரபணு மாற்றத்தையும் ஒன்றாக எண்ணி அஞ்சுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குளோனில் புதிய மரபணு எதுவும் சேர்க்கப்படுவதில்லை. வாழையின் பக்கக்கன்று எப்படித் தாய்வாழையின் நகலோ, அப்படித்தான் இதுவும்.

ஆனால் வாழைக்கு எளிதாக இருப்பது பசுவுக்கு எளிதாக இல்லை. தோலிலிருந்தோ வேறோர் உறுப்பிலிருந்தோ எடுத்த உயிரணுவை, உட்கரு நீக்கப்பட்ட கருமுட்டையோடு மின்துடிப்பால் இணைத்து, அதைக் கருவாக வளர்த்து, வேறொரு பசுவின் கருப்பையில் வைக்கிறார்கள். அதுவரை தோலாக வேலை பார்த்த உட்கரு, அந்த வேலையை அடியோடு மறந்து மீண்டும் தொடக்கக் கருவாக மாற வேண்டும். இந்த மறதி பெரும்பாலும் முழுமையாக நடப்பதில்லை. அணைந்திருக்க வேண்டிய மரபணுக்கள் சில விழித்திருக்கின்றன, விழிக்க வேண்டியவை உறங்குகின்றன. அதன் விளைவு முதலில் தெரிவது நஞ்சுக்கொடியில். கருப்பையில் அளவுக்கு மீறி நீர் கோக்கிறது, தொப்புள்கொடி தடிக்கிறது, கன்று இயல்புக்கு மேல் பெருத்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று குளோனிங் முறையில் பிறந்த டாலி என்ற செம்மறியாட்டைப் பற்றிப் பேசும்போது, இவ்வாறு இணைக்கப்பட்ட 277 கருமுட்டைகளிலிருந்து 29 கருக்கள் மட்டுமே தேறின என்பதையும், அவற்றை 13 பெண் ஆடுகளின் கருப்பையில் வைத்தும் ஒரேயொரு குட்டிதான் உயிரோடு பிறந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

குளோனிங் அல்லாத சாதாரணச் சினையிலேயே கன்று பெருத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கையால் அறிந்தவன். தோள்வரை கையை உள்ளே விட்டு, கன்றின் முன்னங்கால்களைத் தேடிப் பிடித்துக் கயிறு மாட்டி, பசு முக்கும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும்; தலையும் தோளும் வெளியே வந்த பிறகும் கன்றின் இடுப்பு பசுவின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்வதுண்டு. ஒரு நேரத்துக்கு மேல் பசு முக்குவதை நிறுத்திவிடும். கழுத்தை நீட்டித் தரையில் வைத்துவிட்டு, மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு கிடக்கும். கன்று பிழைத்தாலும், உள்ளே நரம்பு நசுங்கியதால் மறுநாள் பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் அந்தப் பசு எழ முயன்று எழ முயன்று சரிவதைப் பார்க்க வேண்டியிருக்கும். இயற்கையில் எப்போதாவது நேரும் இந்த விபத்தைத் தெரிந்தே அடிக்கடி நேரச் செய்யும் ஒரு முறையை, நல்ல இறைச்சி கிடைக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குளோன்களில் கணிசமான பகுதியின் உடல்நலம் பாதிக்கப்படுகிறது, அது பல நேரங்களில் கடுமையாகவும் உயிர் போகும் அளவுக்கும் இருக்கிறது என்று, உணவில் குறை காணாத அதே ஐரோப்பிய ஆணையமே எழுதியிருக்கிறது. கட்டுரையாளர் அந்த அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தம் அளிக்கிறது.

தொழில்நுட்பம் மேம்பட்டு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. டாலி தோன்றிய அதே உயிரணு வரிசையிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் முதுமையிலும் நலமாகவே இருந்தன என்று 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிறந்து தேறிய குளோன் நன்றாக வாழக்கூடும் என்பதற்கு அது சான்று. தேறாதவற்றையும் அவற்றைச் சுமந்தவற்றையும் பற்றி அது பேசவில்லை. அருகிவரும் இனத்தைக் காக்க இம்முறையைக் கையாள்வதை வேறாக வைத்து எடைபோடலாம். உணவுக்கான கால்நடையில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே தேர்ந்த காளைகளைப் பெருக்க எத்தனையோ காலமாகச் செயற்கைக் கருவூட்டல் இருக்கிறது. மேலும், ஒரே சிறந்த காளையின் நகல்களை நம்பி மந்தைகளை வளர்த்தால், ஒன்றை வீழ்த்தும் நோய் அத்தனையையும் வீழ்த்தும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழை, பனாமா வாடல் நோயால் கடந்த நூற்றாண்டின் நடுவில் சந்தையை விட்டே மறைந்தது இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. குளோன் விலங்கை உருவாக்கும் செலவு மிக அதிகம் என்பதால் யாரும் அதை நேராக வெட்டுக்கு அனுப்புவதில்லை. அது இனப்பெருக்கத்துக்கே பயன்படுகிறது, உணவாக வருவது அதன் வாரிசுகள். அந்த வாரிசைச் சாதாரண விலங்கிலிருந்து பிரித்துக் காட்டும் சோதனை எதுவும் இல்லை, அமெரிக்காவில் அதற்குத் தனி முத்திரையும் கட்டாயமில்லை. குளோன் பசுவுக்குப் பிறந்த காளையின் இறைச்சி முந்தைய ஆண்டே விற்று உண்ணப்பட்டுவிட்டது என்பதை பிரிட்டனின் உணவுத் தர முகமை 2010 ஆகஸ்டில்தான் அறிவித்தது. அதை உண்டவர்களுக்கு உடலில் எந்தக் கேடும் வந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆயினும், அந்தக் காளை பிறந்த வழி பிடிக்காத ஒருவர் அதை மறுக்க வழியில்லாமல் போயிற்று அல்லவா? ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015 செப்டம்பரில், பண்ணை விலங்குகளின் குளோனிங்கோடு அவற்றின் வாரிசுகளிலிருந்து பெறும் உணவையும் தடை செய்ய வேண்டுமென 529 வாக்குகளால் முடிவெடுத்தபோது, இந்தக் கவலையும் அதில் அடங்கியிருந்தது.

தடை வேண்டுமா, வேண்டாமா என்று அரசுகள் முடிவு செய்ய நாளாகலாம். அதற்கு முன்பே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று இருக்கிறது. கருவூட்டலுக்கு வரும் ஒவ்வோர் உறைவிந்துக் குச்சியிலும் (காளையின் விந்தை உறைய வைத்து அடைத்த மெல்லிய குழல்) காளையின் எண்ணும் இனமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தக் காளை குளோனா, குளோனின் வாரிசா என்ற குறிப்பையும் அதோடு சேர்த்து அச்சிடச் சொல்லிச் சட்டம் செய்யலாம். மந்தையில் கலந்த பிறகு தேட முடியாத தகவல், அந்தக் குச்சியில் இருக்கும்போது ஒரு வரிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்